பக்கம் தள்ளுகிறவள்

ரொவானியெமி என்ற வடகோடிப் பனியூரில் மதியம் தாண்டியதுமே இருட்டுகிறது. வெளியே பனி நீலம் பூத்துக் கிடக்கிறது. காரேஜுக்குள் ஒற்றை மஞ்சள் விளக்கு. முட்டுக் கொடுத்துத் தூக்கிய பழைய காருக்கு அடியிலிருந்து வெய்யோவின் பூட்ஸ்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாளை வண்டிச் சோதனை. பிரேக் தேறவில்லையென்றால் அவன் மனைவி தூலிக்கி வேலைக்குப் போக வண்டியில்லை. அவள் மரப்பெட்டிமேல் ஒடுங்கி உட்கார்ந்து, மடியிலிருக்கும் டேப்லெட்டில் பழுதுபார்க்கும் கையேட்டை அவனுக்கு உரக்க வாசிக்கிறாள். வாசிக்க வாசிக்க மூச்சு புகையாகிறது. பெட்டி பனிக்கட்டியாகச் சில்லிடுகிறது.

"அடுத்த பக்கம்," என்கிறது காரடிக் குரல். தள்ளுகிறாள். கண் அலமாரிக்குப் போகிறது. இதே காருக்கான அச்சுக் கையேடு, கிறிஸ்துமஸுக்கு அவள் கடைகடையாய் அலைந்து வாங்கித் தந்தது, செங்கல் கனத்தில், உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது.

"அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டியா? அதுன்னா கிரீஸ் கையோட நீயே புரட்டிக்கலாம். என் தயவு வேணாம்."

ஸ்பானர் சத்தம் நிற்கிறது.

"டேப்லெட்டை என் கிரீஸ் கையால தொட விடமாட்டியே."

"ஆமா, விடமாட்டேன். அதுக்கு?"

"புத்தகம்னா நீ வீட்டுக்குள்ள போயிடுவ."

ஒரு வாரத்துக்கான பேச்சைப் பேசிவிட்டவன்போல அவன் அவசரமாக ஸ்பானரைத் திருகுகிறான்.

தூலிக்கி எழுகிறாள். பூட்ஸ்கள் அசையாமல் காத்திருக்கின்றன. அவள் புத்தகத்தை எடுத்துவந்து, உறையோடு பெட்டிமேல் போட்டு, அதன்மேல் உட்கார்கிறாள். நல்ல தடிமன், குளிர் ஏறவில்லை. அணையப்போன திரையை விரலால் தொடுகிறாள்.

"ம், சொல்லு. எந்தப் பக்கம்?"