இரண்டு விரல் தள்ளி

சுவரில் யாரோ ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தார்கள்.

ஹரிபிரசாத் சார் முகம் சுளித்தார். தூசு படக்கூடாத அறைக்குள் போகுமுன் பெண்கள் பொட்டைக் கழற்றிக் கண்ட இடத்தில் ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. அதுவும் இது, ஒளி விழ வேண்டிய இடம் என்று அவர் பென்சிலால் போட்ட குறிக்கு இரண்டு விரல் இடப்பக்கம்.

பிய்த்துப் போடச் சொன்னார்.

துப்புரவு பார்க்கும் ரோஜா கையை நீட்டினாள். பெயிண்ட் உதிர்ந்து தூசு பறக்கும், சோதனை முடியட்டும் என்று கன்னிகா மெதுவாகச் சொன்னாள். தூசு என்றதும் சார் விட்டுவிட்டார்.

மேசையில், லேசருக்கு முன்னால், நகமளவு தட்டைக் கண்ணாடி. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான தூண்கள். வரிசைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதிகமாக ஒளி திரும்பும்.

அந்த இடைவெளியை நுண்ணோக்கியில் அளந்தவள் கன்னிகா. திருப்பதி லேபில் தற்காலிக டெக்னீஷியன். மாலையில் டிப்ளமோ வகுப்பு.

டிசைனில் இருந்ததைவிட இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வந்தது. தன் கண் மேல் நம்பிக்கையில்லாமல் பதினேழு முறை அளந்தாள். பதினேழையும் நோட்டில் எழுதினாள். கண்ணாடிக்கு ஜாதகம் எழுதுகிறாள் என்று கூட வேலை செய்யும் ஜெபகுமார் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

சார் அத்தனையையும் அடித்துவிட்டு டிசைன் எண்ணை எழுதினார். டிசைன் அவருடையது. ஒளி பென்சில் குறியில் விழுந்தால் இனி அவள் நுண்ணோக்கியைத் தொட வேண்டாம், கண்ணாடி கழுவினால் போதும் என்று நேற்றே சொல்லியாகிவிட்டது.

அறை விளக்கு அணைந்தது.

சிவப்பு ஒளி நேராகக் கண்ணாடிக்குள் போனது. வெளியே வந்தபோது வலப்பக்கம் திரும்பியிருந்தது.

எட்டு மாத வேலை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகுதான் சுவரைப் பார்த்தார்கள்.

பென்சில் குறி இருட்டில் கிடந்தது. ஒளி பொட்டின் மேல் இருந்தது. நட்டநடுவில்.

ஜெபகுமார் சிரிக்கவில்லை.

சார் டேப் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். கன்னிகாவின் நோட்டை வாங்கி, தான் அடித்த எண்களை அவற்றின் பக்கத்திலேயே திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரோஜா மறக்காமல் ஈரத்துணியோடு வந்தாள். பொட்டை யாரும் தொடக்கூடாது என்றார் சார்.

கன்னிகா வகுப்பு முடிந்து பஸ் பிடித்துப் புத்தூர் வந்து சேர்ந்தாள். அம்மா கமலம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு நாளா வெறும் நெத்தியோட வந்துகினு கீற. அட்டையில இருந்த கடைசி பொட்ட எங்கடி வுட்ட?"

கன்னிகா நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள்.

"லேப்ல வெச்சிக்கினாங்கம்மா."