அக்காவின் இடம்

“அக்கா செத்துப்போயிட்டாங்கறதுக்காக அவ புருஷனை நான் கட்டிக்கணுமா? என்னம்மா நியாயம் இது?” ஹவென் கத்தினாள்.

அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நம்ம ராடே ஜனங்களோட வழக்கம்டி. அக்கா இடத்துக்குத் தங்கச்சி வரணும்.”

“அதெல்லாம் வியட்நாம் மலையில. இது அமெரிக்கா! நான் நர்சிங் படிக்கிறேன். காலேஜ்ல கேட்டா சிரிப்பாங்க.”

“படி. யாரு வேணாங்கறா? சரின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லி வை. கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“முடியாது. மாமாகிட்டயே பேசிடறேன்.”

“ஐயோ, அவன்கிட்ட வாயைத் திறந்துடாதே!”

அதற்குள் அக்காவின் கணவன் யீதுன் கோழிக்கறி ஆலையிலிருந்து வந்துவிட்டான். அவர்கள் முறைப்படி, கல்யாணமான நாளிலிருந்து பெண் வீட்டிலேயே இருப்பவன். அவன் மகள் எமிலி அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஹவெனின் மடியில் ஏறிக்கொண்டாள். தாய் போன பிறகு அவளுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சித்தியிடம்தான்.

“மாமா, தப்பா நினைக்காதீங்க. என்னால உங்களைக் கட்டிக்க முடியாது. பழைய வழக்கம் எதுக்கும் நான் கட்டுப்பட மாட்டேன்.”

“யோசிச்சுதான் சொல்றியா?”

“ஆமா.”

யீதுன் கண்களைத் துடைத்துக்கொண்டான். “நீ சரின்னிருந்தா என்னால மறுத்திருக்க முடியாது. பெண் வீட்டுப் பேச்சைத் தட்டினவனை நம்ம ஜனம் மதிக்காது. ரொம்ப நன்றி, ஹவென்.”

பாவம், இவனுக்கும் விடுதலைதான் என்று நினைத்தாள் ஹவென்.

உள்ளே போனவன் பெட்டியோடு வந்தான். “டெக்சாஸ்ல வேலை கிடைச்சிருக்கு. அங்க ஒரு பொண்ணும் எனக்காகக் காத்திருக்கா. எமிலி, வாம்மா, போகலாம்.”

ஹவென் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “மாமா! இவ எங்க வீட்டுப் பொண்ணு. தாய் செத்தா பிள்ளை தாய் வீட்டுக்குத்தான். அதானே நம்ம வழக்கம்!”

“வழக்கப்படி உங்க பொண்ணுதான். சட்டப்படி என் பொண்ணு.”

வீறிட்டு அழுத எமிலியோடு கார் போய்விட்டது. ஹவென் வாசற்படியில் சரிந்தாள்.

“இவன் கிளம்பப் போறது எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள் அம்மா.

“ஏம்மா எங்கிட்ட சொல்லலை?”

“நீ ஒப்புக்குச் சரின்னு சொன்னாலே அவனால கிளம்ப முடியாதுன்னுதான் கேட்டேன். காரணத்தைச் சொன்னா, குழந்தைக்காக நீ நிஜமாவே அவனுக்குக் கழுத்தை நீட்டிடுவியோன்னு பயந்துட்டேன்டி.”