எதிர்க்காற்று

"அம்மா, ஃப்ளைட்ல ஏறி உக்காந்தாச்சு."

போனில் அவன் சொன்னதும் பக்கத்திலிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்மா. பதினாலு மணி நேரம். நாளைக்கு நம்ம வீட்ல இருப்போம்."

"போன தடவை வந்து சேர ரெண்டு நாளாச்சே?"

"அப்போ எதிர்க்காத்தும்மா. ஃப்ளைட் நகரவே இல்ல."

"பாவம்! இந்தத் தடவை காத்து எப்படி?"

"இப்போதைக்குப் பரவால்ல. ஆனா சொல்ல முடியாது."

"சாப்பிட ஏதாவது குடுத்தாங்களா?"

"ரொம்ப நல்லா கவனிக்கிறாங்கம்மா," என்றான், மூன்றாவது முறையாக நிரம்பிய தட்டைப் பார்த்தபடி.

'டிங் டாங்' என்று மணியடித்தது. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடா சத்தம்?"

"அது... சீட் பெல்ட் போடச் சொல்றாங்கம்மா."

மறுபடியும் 'டிங் டாங்'.

"இப்ப என்னவாம்?"

"எவனோ ஒருத்தன் இன்னும் போடல போல."

"சரி, நீ பெல்ட்டைக் கழட்டிட்டு வந்து கதவைத் திற," என்றாள் அம்மா. "மணியடிச்சது நான்தான். நீ நாளைக்கு வர்றேன்னு உன் மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."