ஓட்டத்துக்கு முன் எட்டு இட்லி

“பொன்மணி, கண்ணன், பேச்சித்தாய் அக்கா, மாரிசெல்வி. எல்லாரும் இங்கன இருக்கீயளா? அப்ப பரிமாறலாம்.”

விடிகாலை நாலரை மணிக்குக் கோமதிநாயகம் ஆள் கணக்கு எடுத்தார். மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றவர். இப்போது அவர் அதட்டுவதற்கு மிச்சம் இருந்தது மனைவி, மகன், அக்கா, மகள் என இந்த நான்கு பேர்தான்.

அன்று மாரிசெல்விக்குத் திருநெல்வேலியில் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டர் ஓட வேண்டும். பெண்பிள்ளையைப் போலீசுக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, “எங்க வீட்டு ரத்தத்துல பயம் கிடையாது. பாத்துக்கிட்டே இருங்க” என்று சங்கரன்கோவில் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் தோற்றால் அந்தத் தெருவில் அவர் எந்த முகத்தோடு நடப்பது?

மகளின் தட்டில் எட்டு இட்லி இருந்தன. அவள் ஒன்றைப் பிட்டுச் சாம்பாரில் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

“எறங்க மாட்டேங்குப்பா.”

“ஏன் எறங்காது? அப்பன் பேச்சு எறங்குதுல்ல, இட்லியும் எறங்கும். முழுங்குட்டி.”

“ஒரு வாழப்பழம் போதும்னு ஜோஷ்வா சார் சொன்னாரு.”

“ஓட்டம் சொல்லிக் குடுக்க ஆளு வச்சா, அவரு சாப்பாட்டுக்கும் சட்டம் போடுதாரோ?”

மாரிசெல்வியின் கண்ணில் நீர் கோத்தது. வாயில் வைத்த துண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கண்ணன் மெதுவாகச் சொன்னான். “யப்பா, மனசு படபடன்னு இருக்கும்போது வயிறு வேலை செய்யாதாம். திட்டித் திட்டி ஊட்டினா, ஓடும்போது அப்படியே மேல வந்துருமாம்.”

“அதெல்லாம் ஊரார் வயித்துக்குல. நான் எட்டு இட்லி தின்னுட்டுத்தான் கம்பத்துல ஏறுவேன். கீழ நிக்கவன் கை நடுங்கும், என் வயிறு அசையாது.”

“ஏலே நாயகம், பிள்ளைய விடுல. அழுதுகிட்டே தின்னா அது ஒட்டுமா?” என்றாள் பேச்சித்தாய்.

“சரி விடு. பயமில்லாத வயிறு எப்படி இருக்கும்னு காட்டுதேன், பாத்துக்கோ.”

மகளின் தட்டை இழுத்து, மிச்சமிருந்த ஏழு இட்லியையும் அவரே தின்றார். ஏற்கெனவே தன் பங்கு ஆறு இட்லியை முடித்திருந்தார். பொன்மணி மகள் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டு எல்லாரையும் பஸ்சுக்குக் கிளப்பினாள்.

மைதானத்தின் கேட்டுக்கு வெளியே பெண்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் அவரவர் வீட்டார். கோமதிநாயகம் முதுகை நிமிர்த்தி, மகளை ஒட்டி நின்றார். உள்ளே முதல் கூட்டம் ஓட, விசில் ஒலித்தது. ஒரு பெண் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு வந்தார்கள்.

“அடுத்து, மாரிசெல்வி” என்று பெயர் படித்தார்கள்.

அந்த நொடியில்தான் அது நடந்தது. பொன்மணி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

ஊர் திரும்பும் பஸ்சில் மாரிசெல்வி அம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பேச்சித்தாய்தான் பேச்சை எடுத்தாள்.

“கேட்டுக்குப் பக்கத்துல நடந்தது இந்த பஸ்சோட போகட்டும். யாரும் மூச்சு விடப்படாது.”

“நாங்க ஏன் சொல்லப்போறோம்?” என்றான் கண்ணன். பொன்மணி தலையாட்டினாள்.

கோமதிநாயகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி “ம்” என்றார்.

ஆனால் வரிசையில் சங்கரன்கோவில் பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போகும்போது செய்தி அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

உரக்கடைத் தங்கப்பழம் நகர்ந்து இடம் கொடுத்தார். குரலில் பரிதாபம் கொஞ்சம், இனிப்பு நிறைய.

“வாங்க அண்ணாச்சி. கேள்விப்பட்டோம். உங்க மவ பேரைக் கூப்பிட்டதும் பயத்துல வாந்தி எடுத்து, ஓடாமலே திரும்பிட்டாளாமே? விடுங்க, பொம்பளப்பிள்ளதானே. பயம் வரத்தான் செய்யும்.”

கடையில் இருந்தவர்கள் டீயை ஊதுவதை நிறுத்தினார்கள். பஸ்சில் வீட்டார் கொடுத்த வாக்கு அவர் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு எழுந்தால் போதும்.

கோமதிநாயகம் உட்காரவில்லை.

“யாரு சொன்னது வே? எம் மவ ரெண்டு நிமிசத்துக்குள்ள ஓடிப் பாஸாயிட்டா.”

“அப்ப வாந்தி எடுத்ததா சொன்னது பொய்யா அண்ணாச்சி?”

“பொய் இல்ல” என்றார் அவர். “எடுத்தது நான்.”