ஓடிப்போன பைலட்

அந்த வீடியோவைப் பார்க்காத ஆளில்லை. கொள்ளிடம் மணலில் ஒரு சின்ன விமானம் மூக்கைக் குத்தி நிற்கிறது. பைலட் குதித்து ஓடுகிறான். உள்ளே காலில் அடிபட்ட முதலாளி கத்துகிறார். எதிரே வந்த பெண்மணியையும் பைலட் தள்ளிவிடுகிறான். அவ்வளவுதான்.

திருச்சியில் கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் நின்றுபோனதும், ஆளில்லாத மணலாகப் பார்த்து இறக்கியதும், பிறகு அவனே முதலாளியைத் தூக்கி வந்ததும் அதில் இல்லை.

பைலட் ஆசீருக்கு வேலை போயிற்று. கே.கே. நகர் மாடி அறைக்கு யாரும் வருவதில்லை. கீழ்வீட்டுக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நண்பன் ஜூட் மட்டும் வந்தான்.

"நீ தள்ளிவிட்ட அந்தம்மா ஸ்ரீரங்கத்துலதான்டா இருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயால சொல்ல வை. போன்ல எடுத்துடறேன். வேலை திரும்பக் கிடைச்சிரும்."

ரெங்கம்மாள் வலது கையில் மாவுக்கட்டோடு கதவைத் திறந்தாள்.

"நீங்கதானா? இங்கயும் யாரையாச்சும் தள்ளணுமா?"

"கை எப்படிம்மா இருக்கு?"

"கேக்க வந்துட்டாரு! ஆகாசத்துலேர்ந்து விழுந்தும் ரெங்கநாதர் உசிரோட விட்டாரேன்னு, உங்களுக்குத் திருஷ்டி கழிக்க ஓடி வந்தேன். எருமைமாடு மாதிரி இடிச்சுத் தள்ளினீங்களே!"

திட்டி ஓய்ந்தபின், "உக்காருங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் இந்த வீட்ல நான் சத்தம் போட்டுப் பேசினதே இன்னிக்குத்தான்."

இடது கையால் அவள் கலந்த காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. ஆசீர் முழுதும் குடித்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஜூட் போனைத் தூக்கிக் காட்டினான். ஆசீர் அதைப் பார்க்காதவன்போல், "மன்னிச்சுடுங்கம்மா. பயத்துல ஓடிட்டேன்" என்றான்.

தெருவுக்கு வந்ததும் ஜூட் பொரிந்து தள்ளினான்.

"லூசாடா நீ? பயந்து ஓடினேன்னு நீயே ஒத்துக்கறே!"

ஆசீர் குரலைத் தாழ்த்தினான்.

"டேங்க் உடைஞ்சு பெட்ரோல் ஓடிக்கிட்டிருந்துச்சுடா. அந்தம்மா தட்டுல கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

ஜூட் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அடப்பாவி... இதைச் சொல்லியிருந்தா ஊரு வாயை மூடியிருக்குமே?"

"மூடாது. நாளைலேர்ந்து அவங்களைப் பேசும். எனக்காவது நீ இருக்க. அவங்களுக்கு யாருடா இருக்கா?"