கொழும்பில் இருக்கிறார்

காரைநகரிலிருந்து வந்த வள்ளம் ஊர்காவற்றுறையில் கயிறு போடுவதற்கு முன்பே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கித் தகப்பன்மாருக்குக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டிருந்தான். அன்றிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ரயில் கோச்சியில் கால் வைக்க இடமில்லையாம்.

சிவக்கொழுந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். காலையில் வைத்த குங்குமம் வெயிலில் கசிந்திருந்தது. அது அழிந்துவிடாமல் சேலைத் தலைப்பால் மெல்ல ஒற்றிக்கொண்டாள்.

கொழும்பைப் போர்த்துக்கேயன் பிடித்தான், ஒல்லாந்தன் பிடித்தான், இங்கிலீசுக்காரன் பிடித்தான், கடைசியில் இந்தத் தீவு ஆட்கள் சுருட்டுக்கடை போட்டுப் பிடித்தார்கள் என்று ஊரில் பகிடி சொல்வதுண்டு.

பகிடியின் மறுபக்கம் பெண்களுக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் இந்தத் துறைக்கு வந்து போயின. பிறகு கொழும்பில் கப்பல் நிற்கக் கடலை மறித்து அணை கட்டினார்கள். உலகத்துக் கப்பலெல்லாம் கரியும் தண்ணீரும் ஏற்ற அங்கே போயிற்று. கப்பலுக்குப் பின்னால் ஆம்பிளைகளும் போனார்கள்.

ஆகவே தீவில் எந்தப் படலையைத் திறந்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாலும் ஒரே பதில்தான். கொழும்பில் இருக்கிறார்.

சிவக்கொழுந்தும் அதைத்தான் சொல்லி வந்தாள். அவள் கணவர் குலசிங்கத்துக்கு முகத்துவாரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு சின்னச் சுருட்டுக்கடை. ஊர்க்காரர் புழங்கும் தெருக்களிலிருந்து எட்டத் தள்ளி. கடையில் அவரும், உதவிக்குக் கதிர்காமுவும் மட்டும்.

மூன்று வருடமாக அவர் ஊர்ப்பக்கம் வரவில்லை. மகளின் கலியாணத்துக்குக்கூட வரவில்லை. கதிர்காமுதான் வந்தான். தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தார். ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் வந்தால் கடையை யார் பார்ப்பது?

மகள் வேலணையில் நன்றாக இருக்கிறாள். சிவக்கொழுந்து குசினியில் ஒரு பிடி அரிசி போட்டு, தனியே சாப்பிட்டு, ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கேட்பவர்களிடம் அவருக்குச் சுகம் என்றாள். மனம்விட்டுக் கதைக்க அவளுக்கு ஒரு உயிர் இல்லை.

பக்கத்து வீட்டு இராசேஸ்வரி குண்டுச் செய்தியோடு ஓடிவந்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப எல்லாரும் வந்திடுவினமோ?"

"வராமல்? உயிரெல்லோ பெரிசு. உன்ரை மனுசனும் வந்திடுவார், பயப்பிடாதை."

அவள் பயந்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் வந்து நின்றாள்.

வள்ளத்துக்கு வள்ளம் ஆம்பிளைகள் இறங்கினார்கள். கரையில் காத்திருக்கும் பெண்கள் குறைந்துகொண்டே போனார்கள். முந்தி எந்த வீட்டிலும் ஆள் இல்லை, அதற்குள் அவள் வீடும் ஒன்றாக இருந்தது. இனி அவள் வீட்டில் மட்டும் ஆள் இருக்காது. அதை ஊரே பார்க்கும்.

இன்று கதிர்காமு இறங்கினான். தோளில் தகரப் பெட்டி. அவனுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை.

இராசேஸ்வரியின் கணவர் நேற்றே வந்துவிட்டார். துணைக்கென்று வந்து நின்ற அவள்தான் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"எங்கையடா குலசிங்கண்ணை?"

எல்லாரும் திரும்பினார்கள். கதிர்காமு சிவக்கொழுந்தின் முகத்தைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான். அவளும் கண் எடுக்காமல் அவனையே பார்த்தாள். காப்பாற்று என்றாளோ, போதும் என்றாளோ, அவளுக்கே தெரியாது.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"துறைமுகத்திலை குண்டு விழேக்கை அண்ணை அந்தப் பக்கம் நிண்டவர், அக்கா. என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு."

சிவக்கொழுந்து நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள். அவள் அலறியபோது வள்ளக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தலையில் அடித்துக்கொண்டு, ஒரு நாளும் வாயால் சொல்லாத கணவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

பெண்கள் ஜப்பான்காரனைத் திட்டினார்கள். இராசேஸ்வரி அழுதபடியே அவள் குங்குமத்தைத் துடைத்துவிட்டாள். இப்படியும் ஒருத்தி அழுவாளா என்று முன்பின் தெரியாதவர்களும் கண் கலங்கினார்கள்.

கதிர்காமு மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. குலசிங்கத்துக்குக் கொழும்பில் கொள்ளி வைத்தவன் அவன்தான். குண்டு விழுவதற்கு மூன்று வருடம் முன்பு. நெருப்புக் காய்ச்சல்.

மகளின் தாலிகட்டுக்கு முதல் நாள் பின்னேரம் அவன் வேலியோரம் வந்து அதைச் சொன்னான். சிவக்கொழுந்து அப்போது வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மகள் எதற்கோ சிரித்தாள்.

நாளைக்குக் கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

"மெல்லக் கதையடா தம்பி," என்றாள். "பிள்ளைக்குக் கேட்கும்."

மிச்சத் தோரணத்தையும் கட்டி முடித்தாள்.