நாலு ஹிட் பாக்கி

முகாய் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான். அவன் நிமிர்வதற்குள் தொகாஷி மட்டையை வீசி எறிந்துவிட்டு, பந்து வீசும் மேட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

பேஸ்பாலில் பந்து தலையில் பட்டுவிட்டால் வீசியவன் தொப்பியைக் கழற்றுவான். அடிபட்டவர் ஒரு முறை முறைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடப்பார். அதோடு சரி. தொகாஷிக்கு இன்று அது போதவில்லை.

முதல் குத்து காற்றோடு போனது. இருபது வருடமாகப் பறக்கிற பந்தை வெளுத்து வாங்கிய கை, இரண்டடி தள்ளி நின்ற முகத்தைத் தவறவிட்டது. கோபம் மனுஷன் கண்ணை மறைத்துவிட்டது என்றுதான் முகாய் நினைத்தான்.

அடுத்த தடவை தொகாஷி அவசரப்படவில்லை. இடது கையால் முகாயின் சட்டைக் கழுத்தைப் பற்றிக்கொண்டு வலது கையால் குத்தினார். மூக்கு நொறுங்கும் சத்தம் முகாய்க்கே கேட்டது. விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இன்னும் மூன்று குத்து. பல் ஒன்று மண்ணில் போய் விழுந்தது.

"அண்ணே... போதும்ணே!"

"வாயை மூடுடா நாயே! என் தலைக்கா குறி வைக்கிற?"

இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் பாய்ந்தன. சண்டை என்று வந்தால் ஒருத்தனும் உட்கார்ந்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்தால் அப்புறம் அவன் சோற்றை அவன் தனியாகத்தான் தின்ன வேண்டும். ஆணி வைத்த பூட்ஸ் ஒன்று முகாயின் தொடையைக் கிழித்தது. விலக்கிவிட வந்த அறுபது வயதுப் பயிற்சியாளருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

"விடாதீங்க தொகாஷி! கொல்லுங்க அவனை!" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அலறியது.

அந்தக் கூட்டத்தின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. பந்தை அடித்துவிட்டு ஓடிப் பேஸைத் தொட்டால் ஒரு ஹிட்; இரண்டாயிரம் சேர்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இரண்டாயிரமாவது ஹிட்டைத் தொட தொகாஷிக்கு இன்னும் நாலுதான் பாக்கி. ஒரு மாதமாக அந்த நாலு நாலாகவே நிற்கிறது. முப்பத்தொன்பது வயதில், இந்த சீசன் விட்டால் வேறு சீசன் கிடையாது. அப்பேர்ப்பட்ட தலையில் போய்ப் பந்தைப் போட்டால் ஜனங்கள் சும்மா விடுவார்களா?

அம்பயர் இருவரையும் வெளியேற்றினார். முகாயின் மேனேஜர் இவாகி, மைதானத்துக்கு அடியில் இருந்த நடைபாதை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு விசாரணை. வேணும்னேதான் எறிஞ்சேன்னு முடிவு கட்டிட்டாங்கன்னா உன் கதை முடிஞ்சுது. முப்பத்தேழு வயசுல எவன் உன்னைச் சேத்துப்பான்?"

"சத்தியமா இல்ல சார். பந்து கையை விட்டு வழுக்கிடுச்சு."

"யாரு நம்புவா? காலையில அவர் உன்னை அவமானப்படுத்தினதைத்தான் பத்திரிகைக்காரன் படமே எடுத்து வச்சிருக்கானே!"

அது உண்மைதான். தொகாஷி, முகாய் படித்த பள்ளியில் இரண்டு வருடம் மூத்தவர். ஒரு வருடம் முழுக்க அவருடைய சாக்ஸைத் துவைத்தவன் முகாய். எந்த அணியில் இருந்தாலும் ஆட்டத்துக்கு முன்னால் போய்க் குனிந்து வணங்காமல் இருந்ததில்லை. இன்று காலையும் போனான். ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவருக்கு இடப்பக்கம் நின்று குனிந்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அத்தனை பேர் முன்னால் அவனுக்கு முகம் செத்துப்போனது.

மேனேஜர் போனார். டாக்டரோ தோள் முறிந்த பயிற்சியாளரோடு ஆம்புலன்சில் போயிருந்தார். முதலுதவி அறை வாசல் பெஞ்சில் தொகாஷி மட்டும் உட்கார்ந்திருந்தார். முகாய்க்குப் பொறுக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு நேரே அவரிடம் போனான்.

"அண்ணே, நான் போட்டது வளைவுப் பந்து. மணிக்கு நூறு கிலோமீட்டர்கூட வராது. பள்ளிக்கூடப் பொடியன்கூட விலகியிருப்பான். நீங்க ஏண்ணே மரம் மாதிரி நின்னீங்க?"

தொகாஷி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்திய கையின் விரல் முட்டிகள் தோல் உரிந்து வீங்கியிருந்தன. முகாய்க்குச் சட்டென்று கோபம் வடிந்தது. எத்தனை வருடப் பழக்கம்! தன் மூக்கில் வைத்திருந்த ஐஸ் பையை எடுத்து அவருக்கு இடப்பக்கமாக நீட்டினான்.

தொகாஷி வாங்கவில்லை. பக்கத்தில் கொண்டுபோனான். இடது காதை உரசுகிற தூரத்தில் ஐஸ் பை தொங்கியது. அவர் இமைக்கக்கூட இல்லை.

முகாய் மெல்ல அவருடைய வலப்பக்கத்துக்கு வந்தான். இப்போது தொகாஷியின் கை நீண்டது. பையைத் தாண்டிக் காற்றைப் பிடித்தது, பிறகு தடவி வந்து பையைப் பிடித்தது.

முகாய் குனிந்து அவருடைய இடது கண்ணுக்குள் பார்த்தான்.

"காலையில... நான் வந்து குனிஞ்சேனே அண்ணே..."

"நீ வந்தியாடா?"

மேலே கூட்டம் இன்னும் தொகாஷியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. ஐஸ் பையை இடது கண்ணில் வைத்துக்கொண்டு தொகாஷி சொன்னார்:

"ஏன் விலகலன்னு வேற எவனும் கேட்டுடக் கூடாதுன்னுதான்டா உன்னை அடிச்சேன்."